எட்டு மாதமும் ஒரு மீடியம் பாட்டிலும்

மலேரியா ஒட்டுண்ணியை ரத்தத்தில் வளர்த்து, அதன் மேல் மருந்துச் சேர்மங்களைச் சோதித்துப் பார்ப்பதிலேயே என் ஆராய்ச்சிக் காலத்தின் பெரும்பகுதி போனது. அதில் எட்டு மாதம் கிட்டத்தட்ட வீண். சேர்மத்திலும் குறை இல்லை, ஒட்டுண்ணியிலும் குறை இல்லை. அதற்கு நான் ஊற்றிய சாப்பாட்டை, அதாவது வளர்ப்புக் கரைசலான மீடியத்தை, ஒழுங்காகக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். ஒட்டுண்ணியின் சத்துத் தேவையைக் குறிவைத்து மருந்து தேடும் வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் இதைப் படித்து ஒரு மாதத்தை மிச்சம் பிடித்தாலும் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஏன் இந்த வழி என்று சொல்லிவிடுகிறேன். ஒட்டி இருந்து உண்பதால்தான் ஒட்டுண்ணி. எதுவும் கேட்காமலே கைக்கு வந்துகொண்டிருந்தால் சொந்தமாகச் செய்துகொள்ளும் பழக்கம் விட்டுப்போகும் அல்லவா, அது பரிணாமத்திலும் நடந்திருக்கிறது. மலேரியா ஒட்டுண்ணிகளில் ஒன்றான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்தின் மரபணுத் தொகுதி 2002-ல் முழுதாக வெளியானது, சுமார் 5,300 மரபணுக்கள். அதில் டி.என்.ஏ.வுக்கு வேண்டிய இரண்டு வகைக் கட்டுமானப் பொருள்களில் ஒன்றான பியூரினை அடிப்படையிலிருந்து கட்டும் வழியே இல்லை. நம் ரத்தத்திலிருந்து ஹைப்போசாந்தின் என்ற தயார்நிலைப் பியூரினை எடுத்தால்தான் அதற்கு வாழ்வு. இன்னொரு வகையான பிரிமிடின் விஷயத்தில் நேர் எதிர், வெளியில் எவ்வளவு கிடந்தாலும் அதை எடுத்துப் பயன்படுத்தத் தெரியாது, தானே கட்டியாக வேண்டும். ஹீமோகுளோபினைத் தின்று அமினோ அமிலங்களைப் பெற்றுக்கொள்ளும், ஆனால் வளர்ந்த மனிதரின் ஹீமோகுளோபினில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் கிடையாது, அதை மட்டும் வெளியிலிருந்து வாங்க வேண்டும். வைட்டமின்களில், சிவப்பணுவுக்குள் வளரும்போது வெளியிலிருந்து கட்டாயம் வந்தே ஆக வேண்டியது பான்டோதெனேட் ஒன்றுதான், அதாவது பி5. வளர்சிதை மாற்றத்துக்கு வேண்டிய கோஎன்சைம் ஏ என்ற துணைப்பொருளைச் செய்ய அது வேண்டும்.

இப்படி எங்கெல்லாம் ஒட்டுண்ணிக்கு மாற்று வழி இல்லையோ அங்கெல்லாம் மருந்துக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. இது வெறும் கனவும் இல்லை. மலேரியா மருந்துகளான பைரிமெத்தமின், சல்ஃபாடாக்ஸின் இரண்டும் ஃபோலேட்டின், அதாவது பி9 வைட்டமினின், வழியை அடைப்பவை. ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு 1990-ல் ஒப்புதல் பெற்ற எஃப்லார்னிதின், அந்த நோயின் ஒட்டுண்ணியான டிரிபனோசோமா தன் வளர்ச்சிக்கு வேண்டிய பாலிஅமீன்களைத் தயாரிப்பதை நிறுத்துகிறது. குளோரோகுயின்கூட ஒரு வகையில் சாப்பாட்டு மருந்துதான். ஹீமோகுளோபினைத் தின்றபின் மிஞ்சும் நச்சான ஹீமை ஒட்டுண்ணி படிகமாக்கி ஒதுக்கி வைக்கிறது, குளோரோகுயின் அந்தப் படிகமாதலைத் தடுக்கிறது.

இந்தச் சத்துப் போக்குவரத்தை நான் முதன்முதலில் கண்ணால் பார்த்தது சார்பிட்டால் கொடுத்தபோது. ஒட்டுண்ணிகளை ஒரே வயதில் கொண்டுவர 1979-லிருந்து எல்லோரும் செய்யும் முறை அது. வளர்ப்பை 5% சார்பிட்டால் கரைசலில் பத்து நிமிடம் வைத்துவிட்டு, சுழற்றி, மேலே நிற்கும் நீரைப் பார்த்தால் இளஞ்சிவப்பாக இருக்கும். வயதான ஒட்டுண்ணி இருக்கும் சிவப்பணுக்கள் வெடித்து ஹீமோகுளோபின் வெளியே வந்த நிறம் அது. சாதாரணச் சிவப்பணுவுக்குள் சார்பிட்டால் சட்டென்று நுழையாது. ஒட்டுண்ணி வளர வளர, தனக்குச் சத்து வரவேண்டும் என்பதற்காகச் சிவப்பணுவின் சவ்வில் புதிய வாசல்களைத் திறக்கிறது, அந்த வாசல் வழியாகவே சார்பிட்டாலும் நுழைகிறது, பின்னாலேயே தண்ணீரும் நுழைந்து அணுவை வெடிக்க வைக்கிறது. ரிங் நிலையில் இருக்கும் இளசுகள் இன்னும் வாசலைத் திறக்கவில்லை, அதனால் தப்பிக்கின்றன. பான்டோதெனேட்டும் இதே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. பத்து நிமிடத்தில் ஒரு குழாய்க்குள் இவ்வளவு விஷயம் நடக்கிறது என்று புரிந்த நாளில் எனக்கு இந்தத் துறை பிடித்துப்போனது.

சரி, அந்த எட்டு மாதக் கதைக்கு வருகிறேன்.

எங்களிடம் பான்டோதெனேட்டைப் போலவே உருவம் கொண்ட சேர்மங்கள் சில வந்திருந்தன. பான்டோதெனமைடு வகை. யோசனை அழகானது: ஒட்டுண்ணி இதையும் பி5 என்று நம்பி எடுத்துக்கொள்ளும், தன் சொந்த என்சைம்களாலேயே படிப்படியாக மாற்றும், கடைசியில் கோஎன்சைம் ஏ மாதிரியான ஒரு போலி உள்ளே உருவாகி வேலையைக் கெடுக்கும். என் வேலை எளிது. 96 குழி பிளேட்டில் சேர்மத்தைப் படிப்படியாக நீர்க்க வைத்து, 2% சிவப்பணுவில் ரிங் நிலை ஒட்டுண்ணிகளைப் போட்டு, 72 மணி நேரம் கழித்து சைபர் கிரீன் சாயத்தால் டி.என்.ஏ. அளவைப் படிக்க வேண்டும். நான் செய்தபோது சேர்மம் ஏறக்குறைய எதுவும் செய்யவில்லை. 100 மைக்ரோமோலார் வரை ஏற்றியும் வளர்ச்சி பாதிதான் குறைந்தது. அதே சேர்மத்தை அதே ஒட்டுண்ணி வகையில் எங்கள் குழுவின் மூத்த ஆராய்ச்சியாளர் ஒருவர் செய்தால் 1 மைக்ரோமோலாருக்குக் கீழேயே சுத்தமாக அடங்கிவிடும்.

நான் என்னென்னவோ மாற்றிப் பார்த்தேன். பிப்பெட்டை அளவு சரிபார்த்தேன், சேர்மத்தைப் புதிதாகக் கரைத்தேன், ஒட்டுண்ணியை உறைநிலையிலிருந்து புதிதாக எழுப்பினேன், வளர்ப்பைக் கெடுக்கும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியா இருக்கிறதா என்று பார்த்தேன். எதிலும் விடை இல்லை. ஒருகட்டத்தில் என் கை சரியில்லை என்றே நம்ப ஆரம்பித்துவிட்டேன், அந்த மாதங்கள் மனதளவில் கடினமானவை. கடைசியில் ஒருநாள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் செய்வதை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் ஹூட்டுக்குள், அதாவது கிருமி புகாத வேலைப்பெட்டிக்குள், மீடியம் பாட்டிலை எடுத்து வைத்தபோது பாட்டில் கையில் வெதுவெதுப்பாக இருந்தது.

"அக்கா, இது ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுக்கலையா?"

"இல்ல, நான் மீடியம் போட்டதும் மூணு நாள் இன்குபேட்டர்ல வச்சுருவேன். கன்டாமினேஷன் இருந்தா கலங்கிடும்ல, தெரிஞ்சுடும். அப்புறம்தான் யூஸ் பண்ணுவேன்."

நல்ல பழக்கம்தான், பல ஆய்வகங்களில் உண்டு. ஆனால் நான் புதிதாகப் போட்ட மீடியத்தை ஃப்ரிட்ஜில் வைத்து, வேண்டிய அளவை மட்டும் எடுத்துச் சூடாக்கிப் பயன்படுத்துகிறவன். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் 37 டிகிரியில் மூன்று நாள்.

அன்றைக்கே ஒரே பிளேட்டில் பாதிக்கு அவருடைய பழைய மீடியம், பாதிக்கு என் புது மீடியம் என்று போட்டேன். 72 மணி நேரம் கழித்துப் படித்தால் பிளேட்டின் நடுவே கோடு போட்ட மாதிரி இருந்தது. மருந்து போடாத குழிகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளர்ந்திருந்தன, குளோரோகுயின் இரண்டு பக்கமும் ஒரே அளவில் கொன்றிருந்தது, எங்கள் சேர்மம் மட்டும் பழைய மீடியத்தில் கொன்று, புது மீடியத்தில் கொல்லாமல் விட்டிருந்தது. மருந்து போடாத குழி, குளோரோகுயின் குழி என்ற இந்த இரண்டு ஒப்பீடுகளும் மிக முக்கியம். பழைய மீடியத்தில் குளூட்டமின் என்ற அமினோ அமிலம் சிதைந்திருக்கும், ஒட்டுண்ணியே சோர்ந்துபோய் எந்த மருந்துக்கும் சாகும் நிலையில் இருக்கலாம் என்று யாராவது கேட்டால் பதில் வேண்டும்.

காரணம் ஏற்கெனவே 2013-ல் வெளிவந்த ஆய்வில் இருந்தது, நான்தான் படிக்காமல் இருந்தேன். மீடியத்தில் ரத்தச் சீரத்துக்குப் பதிலாகச் சேர்க்கும் ஆல்புமேக்ஸில், சீரத்தில் இருப்பது போலவே பான்டெதினேஸ் என்ற என்சைம் ஒட்டிக்கொண்டு வருகிறது. அது பான்டோதெனமைடை வெட்டித் துண்டாக்கிவிடும், வெட்டினால் கிடைக்கும் ஒரு துண்டு என்ன தெரியுமா, பான்டோதெனேட்டேதான். நான் விஷம் என்று நினைத்து ஊற்றியது வைட்டமினாக மாறிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. 37 டிகிரியில் நாள் கணக்கில் வைத்தால் அந்த என்சைம் செயலிழந்துவிடுகிறது, அதனால்தான் அக்காவின் பாட்டிலில் சேர்மம் பிழைத்தது.

இதற்கு அப்புறம் நான் மீடியத்தின் பொருட்பட்டியலை வரிவரியாகப் படிக்க ஆரம்பித்தேன். எல்லோரும் அதைச் செய்ய வேண்டும், உண்மையாகவே உட்கார்ந்து படிக்க வேண்டும். நாம் மலேரியாவுக்குப் பயன்படுத்தும் ஆர்.பி.எம்.ஐ. 1640, 1960-களில் ராஸ்வெல் பார்க் நினைவு நிறுவனத்தில் மனித வெள்ளையணுக்களை வளர்க்க உருவாக்கியது. டிரேகரும் ஜென்சனும் 1976-ல் ஃபால்சிபாரத்தைத் தொடர்ந்து வளர்க்க முடியும் என்று காட்டியபோது இதில்தான் வளர்த்தார்கள், அன்றிலிருந்து இதுவே வழக்கமானது. வளர்ப்பதற்கு அருமையான மீடியம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இதில் குளுக்கோஸ் 11 மில்லிமோலார், நம் ரத்தத்தில் சாதாரணமாக 5 அளவில்தான். ஐசோலூசின் ரத்தத்தில் இருப்பதைப் போல ஆறு மடங்கு அளவுக்கு. ஹைப்போசாந்தின் இந்த மீடியத்தில் கிடையாது, நாம் தனியாகச் சேர்க்கிறோம், வழக்கமாகச் சேர்க்கும் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்பது 370 மைக்ரோமோலார் ஆகிறது, ரத்தத்திலோ சில மைக்ரோமோலார்தான். இவ்வளவு சத்தைக் கொட்டி வைத்துக்கொண்டு, சத்து உள்ளே போகும் வாசலை அடைக்கும் சேர்மத்தைச் சோதித்தால் என்ன தெரியும்? பாதி வாசல் அடைபட்டாலும் மீதிப் பாதி வழியாகத் தேவைக்கு மேலேயே வந்துவிடும்.

நான் கற்பனையாகச் சொல்லவில்லை. அந்தச் சிவப்பணு வாசலை ஆராய்ந்த சஞ்சய் தேசாயின் குழு, ஐசோலூசின், குளூட்டமின், ஹைப்போசாந்தின் மூன்றின் அளவையும் குறைத்த மீடியம் ஒன்றை 2012-ல் வெளியிட்டார்கள். வழக்கமான மீடியத்தில் சுமாராக இருந்த வாசலடைப்பான்கள் அதில் பல மடங்கு வீரியத்தோடு கொன்றன. அதனால் இப்போது சத்து சம்பந்தப்பட்ட எந்தச் சேர்மத்தையும் நான் இரண்டு மீடியத்தில் போடாமல் விடுவதில்லை. ஒன்று வழக்கமானது, இன்னொன்று குறிப்பிட்ட அந்தச் சத்து மட்டும் ரத்த அளவுக்கு இறக்கியது. மற்ற சத்துகளைக் குறைத்துவிடாதீர்கள், பிறகு எதனால் செத்தது என்று தெரியாமல் போகும்.

அடுத்தது மீட்புச் சோதனை. ஒரு சேர்மம் பான்டோதெனேட் வழியைத்தான் அடிக்கிறது என்று நீங்கள் சொன்னால், பான்டோதெனேட்டை அதிகமாகக் கொடுத்தால் ஒட்டுண்ணி பிழைக்க வேண்டும். சாதாரண மீடியத்தில் அது 1 மைக்ரோமோலார் அளவில் இருக்கிறது, நான் 100 மைக்ரோமோலார் வரை ஏற்றினேன், வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கும் மருந்தளவைக் காட்டும் ஐ.சி.50 வரைகோடு முழுதாக வலது பக்கம் நகர்ந்தது. குளோரோகுயின் வரைகோடு அசையவில்லை. அந்த ஒரு படம் எட்டு மாதக் குழப்பத்தைவிட எனக்கு மதிப்பானது. ஒரு எச்சரிக்கை மட்டும்: சத்தும் சேர்மமும் ஒரே வாசல் வழியாக வந்தால், சத்து அதிகமாகும்போது சேர்மம் உள்ளே நுழையாமலே போகலாம், அதுவும் மீட்பு மாதிரியே தெரியும். அதனால் மீட்பு நடந்தது என்பது அந்த வழியோடு தொடர்பு இருக்கிறது என்று மட்டும் சொல்லும், எந்த என்சைம் என்று சொல்லாது.

இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம், ஒரு சேர்மம் ஒட்டுண்ணியைக் கொல்வதும், நாம் நினைத்த இலக்கை அடிப்பதும் வேறு வேறு என்பது. டிரைக்ளோசான் என்ற கிருமிக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அது கொழுப்பு அமிலத் தயாரிப்பில் ஒரு என்சைமை அடைத்து மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்கிறது என்று 2001-ல் வந்தபோது பெரிய நம்பிக்கை பிறந்தது. பின்னர் 2008-ல் அந்த மரபணுவையே நீக்கிவிட்டுப் பார்த்தார்கள். ரத்த நிலை ஒட்டுண்ணி அது இல்லாமலே நன்றாக வளர்ந்தது, டிரைக்ளோசானுக்கு முன்பு போலவே செத்தது. அந்த வழி கல்லீரல் நிலையில்தான் முக்கியமாகத் தேவைப்படுகிறது. என்சைம் குழாயில் அடைபட்டது உண்மை, ஒட்டுண்ணி செத்ததும் உண்மை, இரண்டையும் இணைத்த கோடுதான் தவறு. இதற்கு மாறான அழகான உதாரணமும் உண்டு. மலேரியா மருந்தான அடோவாகுயோன் மைட்டோகாண்ட்ரியாவின் எலக்ட்ரான் தொடரை அடைக்கிறது, அதனால் ஆற்றல் இல்லாமல் சாகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2007-ல் ஒட்டுண்ணிக்குள் ஈஸ்ட்டின் ஒரு என்சைமைப் புகுத்தினார்கள், எலக்ட்ரான் தொடரின் உதவி இல்லாமலே பிரிமிடின் கட்ட உதவும் என்சைம் அது. உடனே அடோவாகுயோன் அதை ஒன்றும் செய்யவில்லை. ரத்த நிலையில் அந்தத் தொடர் முழுதும் முக்கியமாகப் பிரிமிடினுக்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது. இந்த இரண்டு ஆய்வுகளையும் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் நான் படிக்கச் சொல்வேன்.

அளக்கும் முறையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் அதில் விழுந்தேன். கதிரியக்க ஹைப்போசாந்தினை ஒட்டுண்ணி எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று பார்த்து வளர்ச்சியை அளப்பது 1979-லிருந்து இருக்கும் நம்பகமான முறை. ஆனால் உங்கள் சேர்மம் ஹைப்போசாந்தின் உள்ளே போவதையே தடுக்கிறது என்றால்? எண் சரசரவென்று இறங்கும், ஒட்டுண்ணி உயிரோடுதான் இருக்கும். பியூரின் சேர்மம் ஒன்றில் எனக்குக் கிடைத்த மிக அழகான எண்கள் இப்படி வந்தவை. அதே குழியிலிருந்து ஒரு துளி எடுத்து ஸ்லைடு போட்டு, கீம்சா சாயம் கொடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், கொழுகொழுவென்று ட்ரோபோசோயிட்டுகள், அதாவது ரிங் நிலையைத் தாண்டி வளர்ந்த ஒட்டுண்ணிகள், நடுவே பழுப்பு நிறப் படிகத்தோடு, எந்தக் கவலையும் இல்லாமல் இருந்தன. அளவியாக எதைப் பயன்படுத்தினாலும் சரி, ஸ்லைடு பாருங்கள். ஒவ்வொரு புதுச் சேர்மத்துக்கும், முதல் முறையாவது.

ஸ்லைடு பார்த்தால் இன்னொன்றும் தெரியும், நின்றுபோன ஒட்டுண்ணியையும் செத்துப்போன ஒட்டுண்ணியையும் பிரித்தறியலாம். ஐசோலூசின் இல்லாத மீடியத்தில் வளர்ப்பை மூன்று நாள் விட்டுப் பார்த்தேன். வழக்கமாக 48 மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்து வெடித்து வெளிவர வேண்டியவை, மெதுவாக ட்ரோபோசோயிட் வரை வந்து, பிளவுபடாமல் அங்கேயே நின்றன. சைபர் கிரீன் எண் மிகக் குறைவு, பிளேட்டை மட்டும் நம்பினால் எல்லாம் செத்துவிட்டது என்றுதான் எழுதியிருப்பேன். ஐசோலூசினைத் திரும்பக் கொடுத்தேன், சுற்று மறுபடி ஆரம்பித்துவிட்டது. பட்டினியைத் தாங்கித் தூங்கத் தெரிந்த உயிர் இது, 2012-லேயே இதை விவரித்திருக்கிறார்கள். நோயாளியின் உடலில் மருந்து குறைந்ததும் இப்படி எழுந்துவிட்டால் அந்த மருந்தால் பயன் இல்லை. அதனால் சத்து சம்பந்தப்பட்ட சேர்மம் எதுவானாலும், 72 மணி நேரம் கழித்துக் கழுவி எடுத்து, மருந்து இல்லாத முழு மீடியத்தில் போட்டு, இரண்டு வாரமாவது கவனித்துக்கொண்டிருங்கள். அலுப்பான வேலைதான், தினமும் ஸ்லைடு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மீடியம் மாற்றம். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. டாக்சிசைக்ளின், கிளின்டமைசின் போல ஒட்டுண்ணிக்குள் இருக்கும் ஏபிகோபிளாஸ்ட் என்ற நுண்ணுறுப்பை அடிப்பவற்றுக்கு இதன் மறுபக்கம் பொருந்தும், முதல் சுற்றில் ஒன்றுமே நடக்காதது போல இருந்து அடுத்த சுற்றில்தான் சாகும், 48 மணி நேரத்தில் நிறுத்தினால் நல்ல மருந்தைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள்.

சல்ஃபா மருந்துகளைச் சோதிப்பவர்களுக்குத் தனியாக ஒரு வரி. ஆர்.பி.எம்.ஐ.யில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும், ஒரு மில்லிகிராம் பாரா அமினோ பென்சாயிக் அமிலமும் இருக்கின்றன. சல்ஃபா மருந்தோடு நேரடியாகப் போட்டி போடுவதே அந்தப் பாரா அமினோ பென்சாயிக் அமிலம்தான், 1940-லிருந்தே தெரிந்த விஷயம் இது. இரண்டும் இல்லாத மீடியம் தனியாகக் கிடைக்கும், அதை வாங்காமல் சல்ஃபாடாக்ஸின் எண் எதையும் எழுதாதீர்கள்.

விலங்குச் சோதனைக்குப் போனாலும் இதே கேள்விதான் கூடவே வரும். 1952-ல் லிவர்பூலில் மேக்ரெய்த் குழுவினர் எலிகளுக்குப் பால் மட்டும் கொடுத்தபோது பிளாஸ்மோடியம் பெர்கை என்ற எலி மலேரியா ஒட்டுண்ணியின் தொற்று அடங்கிப்போனதைப் பார்த்தார்கள். பாலில் மருந்து எதுவும் இல்லை. அந்தப் பாரா அமினோ பென்சாயிக் அமிலம் பாலில் மிகக் குறைவு, அதைத் தனியாகச் சேர்த்துக் கொடுத்தால் தொற்று திரும்ப ஏறியது. விலங்கு என்ன தீவனம் தின்கிறது என்பது உங்கள் முடிவையே மாற்றும், தீவனப் பையின் பொருட்பட்டியலையும் வாங்கி வையுங்கள். எங்கள் பான்டோதெனமைடுகள் எலியில் வேலை செய்யாததற்குக் காரணமும் ரத்தத்தில் இருந்த அதே பான்டெதினேஸ்தான். வேதியியலாளர்கள் பின்னர் வெட்டுப்படும் அந்த அமைடு பிணைப்பைத் திருப்பிப்போட்டு, என்சைமால் வெட்ட முடியாதபடி செய்தார்கள், அந்தத் திருப்பிய வகை ரத்தத்திலும் நிலைத்து நின்றது. 2019-ல் அந்த வேலை வெளிவந்ததைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்போது என் பாட்டில் ஒவ்வொன்றிலும் நான்கு விஷயம் எழுதியிருக்கும்: மீடியம் போட்ட தேதி, ஆல்புமேக்ஸ் லாட் எண், ஹைப்போசாந்தின் அளவு, 37 டிகிரியில் இருந்த மொத்த மணி நேரம். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எல்லாம் தெளிவான பிறகு அந்த எட்டு மாதக் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினேன். மீடியத்தை இரவு முழுக்க இன்குபேட்டரில் மறந்து வைத்துவிட்டேன் என்று ஐந்து பிளேட்டுகளில் ஓரத்தில் எழுதியிருந்தேன், அந்த ஐந்திலும் சேர்மம் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்திருக்கிறது. மீதி நாற்பது சொச்சம் பிளேட்டுகளுக்கு எந்த பாட்டில் என்றுகூட எழுதவில்லை, அவற்றை இன்றுவரை எதற்கும் பயன்படுத்த முடியவில்லை.